காலண்டருக்குக் கேட்கும் சப்பரப் படம்

மதுரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா? போன மாதம் கொடுத்துவிட்ட தைலத்தை ஒழுங்காகத் தேய்க்கச் சொல்.

காலண்டர் போடுகிற சிவகாசிக்காரர் கொடுத்த நாலு பக்க அக்ரிமெண்டைப் படித்துவிட்டேன். அதில் கையெழுத்துப் போடாதே. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் கடைக்கு ஆள் வந்ததும் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். இது அப்படி அவசரத்தில் கேட்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அவர் கேட்பது ஏழூர் முத்தாலம்மன் திருவிழாவில் நீ எடுத்த சப்பரப் படம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற திருவிழா. அடுத்த தடவை அதே வெளிச்சமும் அதே கூட்டமும் அமையும் என்று யாராலும் சொல்ல முடியாது. பின்னால் சப்பரம் ஆள் தோளில் சாய்ந்து திரும்புகிறது, முன்னால் முளைப்பாரியைத் தலையில் வைத்த அந்தம்மா ஒரு கையால் புடவைத் தலைப்பைப் பிடித்திருக்கிறார், அந்த விரல் இறுக்கம்கூடத் தெரிகிறது. நாற்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இப்படி ஒன்று எனக்கு அமைந்ததில்லை. இந்தப் படத்தை எடுக்கச் சொல்லி உன்னிடம் யாரும் வரவில்லை, அட்வான்ஸும் யாரும் தரவில்லை. உன் கேமரா, உன் பெட்ரோல், உன் வெயில். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள், ஏனென்றால் சட்டம் முதலில் பார்ப்பது இதைத்தான்.

1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். ஆசிரியர்தான் முதல் உரிமையாளர். ரிஜிஸ்டர் செய்ய வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை, பட்டனை அமுக்கிய நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் முதல் உரிமையாளர் யார் என்று சொல்கிற அதே 17ஆம் பிரிவில் நம் தொழிலையே புரட்டிப்போடுகிற ஒரு விலக்கு இருக்கிறது. ஒருவர் கேட்டு, அதற்குப் பணமும் கொடுத்து, நீ படம் எடுத்தால், வேறுவிதமாக ஒப்பந்தம் எதுவும் இல்லாதபட்சத்தில் அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர். நீ எடுத்த கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எல்லாமே இந்தக் கணக்கில்தான் வருகின்றன. நம் ஆட்களில் பாதிப் பேர் "நான் எடுத்த படம், காப்பிரைட் என்னுடையது" என்று நினைத்து வாட்டர்மார்க் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆர்டர் எடுத்துப் போன படத்துக்கு, எழுத்தில் இல்லாமல் அப்படிச் சொல்ல முடியாது.

இப்போது அந்த அக்ரிமெண்டின் இரண்டாம் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார். மூன்றாவது பத்தியில், "கம்பெனியின் கோரிக்கையின் பேரில் எடுக்கப்பட்ட படம்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. யார் கோரினார்கள்? திருவிழா முடிந்து எத்தனையோ மாதம் கழித்துத்தானே அவர் உன் கடைக்கே வந்தார்! அந்த ஒரு வரியில் நீ கையெழுத்துப் போட்டால், உன் சொந்தப் படம் ஆர்டருக்கு எடுத்த படமாகிவிடும். உரிமை உன் கைக்கு வராமலே அவரிடம் தொடங்கியதாகிவிடும். வேண்டுமென்று போட்டார்களா, எல்லாருக்கும் ஒரே தாளை நீட்டுகிறார்களா, அதை நான் சொல்லவில்லை. வரியை அடிக்கச் சொல். அடிக்க மறுத்தால் படத்தைக் கொடுக்காதே.

கடைசிப் பக்கத்தில் எல்லா உரிமைகளும், எக்காலத்துக்கும், உலகம் முழுக்க, எல்லா வடிவங்களிலும் என்று நாலு வாக்கியம் அடுக்கியிருக்கிறார்கள். இதைத்தான் கிரயம் என்கிறேன். காலண்டருக்கு ஒரு வருஷம் படம் கொடுப்பது வீட்டை வாடகைக்கு விடுவது மாதிரி. அவர் வாடகைப் பணத்தைக் காட்டிக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்.

காலத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். உன் கல்லுப்பட்டிக் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா கடைசிக் காலத்தை அங்கேதான் கழித்தார், 1960 ஜனவரி 30ஆம் தேதி காலமானார். அவர் எழுத்துகளுக்கு உரிமை அவர் ஆயுள் முடிந்து 60 வருஷம் இருந்தது. 2020 முடிந்த பிறகுதான் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று ஆனது. முன்பு நம் படங்களுக்கு அந்த மரியாதை கிடையாது, வெளியான வருஷத்திலிருந்து 60 வருஷத்தோடு முடிந்துவிடும். 2012 திருத்தத்தில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். இப்போது எழுத்தாளருக்கு என்னவோ அதேதான் படக்காரருக்கும். உன் ஆயுள், அதற்கு மேல் 60 வருஷம். "எக்காலத்துக்கும்" என்ற அந்தச் சொல்லில் நீ விட்டுக்கொடுப்பது உன் காலம் மட்டும் இல்லை, உன் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் சேர்த்து.

சட்டம் நம்மைக் காக்கிற இடங்களும் உண்டு. உரிமையை மாற்றிக்கொடுக்கிற ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும். எத்தனை வருஷம் என்று எழுதாமல் விட்டால் 5 வருஷம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுமாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அந்த உரிமை காலாவதி. ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத புது ஊடகம் எதற்கும் அது செல்லாது, அந்த ஊடகத்தைக் குறிப்பாகச் சொல்லியிருந்தால் ஒழிய. லைசென்ஸுக்கும் இவை பொருந்தும். ஆனால் பார், இவற்றில் காலமும் இடமும் எழுதாமல் விட்டதற்குத்தான் சட்டம் துணை நிற்கிறது. "எக்காலத்துக்கும், உலகம் முழுக்க" என்று தெளிவாக எழுதி நீயே கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தத் துணை விலகிவிடும். வக்கீல்கள் தெரிந்துதான் அந்த வார்த்தைகளைப் போடுகிறார்கள்.

சிவகாசியைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆடிப்பெருக்கு அன்றைக்கு அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் போட்டுவிடுவார்கள், அதனால்தான் அவர் உன்னை அவசரப்படுத்துகிறார். அந்த ஆல்பத்தில் உன் படம் ஏறினால், கீழே உரக்கடை, நகைக்கடை, கட்சிக்காரர், கூட்டுறவுச் சங்கம் என்று யார் யாரோ தங்கள் பேரை அச்சடித்து வாங்கிப்போவார்கள். அது காலண்டர் தொழிலின் இயல்பு, அதில் குற்றம் இல்லை. ஆனால் அதே ஊரில் நோட்டு அட்டையும் அடிக்கிறார்கள், தீப்பெட்டி லேபிளும் அடிக்கிறார்கள், பட்டாசுப் பெட்டியும் அடிக்கிறார்கள். "எல்லா வடிவங்களிலும்" என்றால் இவை அத்தனையும்தான். முத்தாலம்மன் சப்பரம் பட்டாசுப் பெட்டியில் வந்து, தீபாவளி மறுநாள் காலையில் ஏழு ஊர்த் தெருவிலும் கிழிந்து கிடந்தால், ஊர்க்காரர்கள் கேட்கப்போவது சிவகாசிக்காரரை இல்லை. உன்னைத்தான். நீ அந்த ஊரில் கடை வைத்திருக்கிறவன்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். வண்டியூர் தெப்பத்திருவிழாப் படம் ஒன்றை ஒரு பார்ட்டிக்குக் காலண்டருக்காக ஒரு வருஷத்துக்குக் கொடுத்தேன். சில வருஷம் கழித்து உன் அத்தை பிள்ளைகளுக்கு வாங்கி வந்த நோட்டின் அட்டையில் அதே தெப்பம். தண்ணீரில் விழுந்த விளக்கு நிழலைப் பார்த்ததுமே என் படம் என்று தெரிந்துவிட்டது. நான் சத்தம் போடவில்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை. "ஒரு வருஷம், காலண்டர் அட்டைக்கு மட்டும்" என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்ட ஒற்றைத் தாளை நகல் எடுத்து, ஒரு கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பத்து நாளில் பணம் வந்தது, மீதி அட்டைகளை நிறுத்திவிட்டதாகப் பதிலும் வந்தது. திருடி அச்சடித்தால் 6 மாதத்திலிருந்து 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம் என்று 63ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு வேலை செய்தது அந்த ஒற்றைத் தாள்தான்.

உனக்கு முன்னால் இந்தக் கடையை நடத்திய உன் அப்பா காலத்தில் இந்தப் பேச்சே எழவில்லை. ஏன் தெரியுமா? நெகட்டிவ் நம்மிடம் இருந்தது. கண்ணாடித்தாள் உறையில் ஆறு ஆறாக வெட்டிப் போட்டு, மேலே பென்சிலால் நம்பர், பார்ட்டி பேர், ஊர் என்று எழுதி, அலமாரியில் வருஷவாரியாக அடுக்கி வைத்திருப்பார். பெரியவர் காலமாகிவிட்டார், கல்யாணப் படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுங்கள் என்று பத்து வருஷம் கழித்து வருவார்கள். உன் அப்பா நம்பர் பார்த்து அந்த உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். உரிமை சட்டப்படி பார்ட்டிக்கு, ஆனால் பொருள் நம் அலமாரியில். அதனால் உரிமை இருந்தும் பார்ட்டி நம்மிடம்தான் வரவேண்டியிருந்தது. பென் டிரைவ் வந்த நாளோடு அது முடிந்துபோனது. இப்போது பைலைக் கொடுத்துவிட்டால் எல்லாமே போய்விட்டது. காகிதம் செய்யாத வேலையை அன்றைக்கு அலமாரி செய்தது. இன்றைக்கு அலமாரி செய்த வேலையைக் காகிதம்தான் செய்யவேண்டும்.

அதற்காகக் கல்யாணப் படத்துக்கும் நீ உரிமை கொண்டாடு என்று சொல்லவில்லை. அது குடும்பத்துக்குச் சொந்தமாக இருப்பதுதான் நியாயம் என்பது என் தீர்மானமான எண்ணம். நம் விதி இங்கிலாந்தின் 1911ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்து வந்தது. அவர்கள் அதை 1989 ஆகஸ்டு முதல் மாற்றிவிட்டார்கள். ஆர்டர் படமாக இருந்தாலும் உரிமை எடுத்தவருக்குத்தான், ஆனால் வீட்டுத் தேவைக்கு எடுத்த படம் என்றால் எடுக்கச் சொன்னவர் சம்மதம் இல்லாமல் அதை வெளியிடக்கூடாது. அருமையான ஏற்பாடு. நம் நாட்டுச் சட்டம் மாறட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, உன் ரசீது புத்தகத்தின் பின்பக்கத்தில் நாலு வரி அச்சடித்தால் கல்லுப்பட்டியிலேயே அதைக் கொண்டுவந்துவிடலாம்.

கடைகள், கம்பெனிகளுக்கு எடுப்பது வேறு. ஜவுளிக்கடைக்குப் புடவை எடுக்கப் போகிறாய் என்றால், எந்த விளம்பரத்துக்கு, எத்தனை மாதம், பிளெக்ஸா பேப்பரா யூடியூப்பா என்பதை முதலிலேயே எழுதி, காப்பிரைட் உன்னிடம் இருக்கும் என்றும் எழுதி, அதற்குப் பிறகு லைட்டைத் தூக்கு. எழுதாமல் போனால் எல்லாமே கடைக்காரருக்கு. நீ ஒரு நாள் கூலி வாங்குவாய், அவர் பத்து வருஷம் ஓட்டுவார். படத்தில் முகத்தையோ புடவையையோ கம்ப்யூட்டரில் மாற்றிப் புதுப்படமாக்கக் கூடாது என்பதையும் இப்போது சேர்க்கவேண்டியிருக்கிறது. உரிமை கைமாறிய பிறகும் "இதை எடுத்தது நான்" என்று சொல்லவும், உன் பேருக்குக் கேடு வருகிற மாதிரி சிதைத்தால் தடுக்கவும் 57ஆம் பிரிவு உனக்கு இடம் கொடுக்கிறது. அது தெரியாமல் பலர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு சடங்கு வீட்டுப் பிள்ளையின் படங்களைப் பார்த்தேன். மாலையோடு, முகத்துக்குக் கிட்டப்போய். வேலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சின்னப்பிள்ளை. அவளை யார் கேட்டார்கள்? அவள் அப்பா உனக்குப் பணம் கொடுத்தது ஆல்பத்துக்கு, உன் கடை விளம்பரத்துக்கு இல்லை. சட்டப்படி அந்தப் படம் அவர்களுடையது, சட்டம் இல்லாவிட்டாலும் அவர்களுடையதுதான். நக்கீரன் பத்திரிகை ஆசிரியர் தொடுத்த ஆட்டோ சங்கர் வழக்கில் 1994லேயே உச்ச நீதிமன்றம் குடும்பம், திருமணம், தாய்மை இவற்றை ஒருவருடைய அந்தரங்கம் என்று சொல்லிவிட்டது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே தீர்ப்பளித்தார்கள். இன்றைக்கே அந்தப் படங்களை எடுத்துவிடு. சடங்கு வீட்டுப் படம் எதையும், வீட்டார் சம்மதித்தாலும், பக்கத்தில் போடாதே. கல்யாணப் படம் என்றால் பொண்ணு, மாப்பிள்ளை இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேள். மேடையில் கூட்டத்துக்கு நடுவே கேட்டுத் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது.

உன்னோடு கேண்டிட் எடுக்க நாள் சம்பளத்துக்கு வருகிற பையன்களிடமும், சம்மதம் இல்லாமல் படம் போடமாட்டோம் என்று எழுதி வாங்கு. முகூர்த்தம் முடிந்து சாப்பிடுவதற்குள் அவர்கள் தங்கள் பக்கத்தில் ரீல்ஸ் போட்டுவிடுகிறார்கள். பார்ட்டி சண்டைக்கு வருவது உன்னிடம்.

காந்தி நிகேதனில் நூற்பு, நெசவு எல்லாம் படம் எடுக்க ஆசையாக இருக்கிறது என்றாயே. போ, ஆனால் போகுமுன் கனு காந்தி கதையைத் தெரிந்துகொள். காந்தியின் பேரன் முறை. சேவாகிராமத்தில் கேமரா பிடிக்க அனுமதி கேட்டபோது காந்தி மூன்று நிபந்தனை விதித்தார். பிளாஷ் போடக்கூடாது, இப்படி நில் அப்படி நில் என்று கேட்கக்கூடாது, ஆசிரமம் செலவு கொடுக்காது. கனு மூன்றையும் ஏற்றுக்கொண்டு எடுத்த படங்கள்தான் இன்றைக்கு நாம் பார்க்கிற கிட்டத்திலிருந்து எடுத்த காந்தி. எடுக்கப்படுகிறவர் தன் நிபந்தனையை முன்கூட்டியே சொல்லிவிட்டார், எடுக்கிறவர் அதைக் காப்பாற்றினார். ஒப்பந்தம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

சரி, சிவகாசிக்காரருக்கு என்ன பதில் சொல்வது? அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நீ ஒரு தாள் நீட்டு. தமிழிலேயே எழுது, தமிழில் எழுதினால் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. இப்படி எழுதலாம்:

"டி. கல்லுப்பட்டி ஏழூர் முத்தாலம்மன் சப்பரப் படம். பைல் நம்பர் இன்னது. இந்தப் படத்தை நான் என் சொந்த விருப்பத்தில், யாருடைய ஆர்டரின் பேரிலும் இல்லாமல் எடுத்தேன். இதன் பதிப்புரிமை என்னுடையது, என்னிடமே இருக்கும். வருகிற ஒரு வருஷத்துத் தினசரி காலண்டர் அட்டைக்கு மட்டும், தமிழ்நாட்டில் விற்பதற்கு மட்டும், இத்தனை பிரதி வரை அச்சிட அனுமதி தருகிறேன். அட்டையின் ஓரத்தில் என் பெயர் இருக்கவேண்டும். வேறு பொருளில் அச்சிடவோ, படத்தை மாற்றவோ, வேறொருவருக்குக் கொடுக்கவோ கூடாது. மறுவருஷம் வேண்டுமென்றால் மறுபடி பேசிக்கொள்வோம். தொகை இவ்வளவு, அச்சுக்குப் போகுமுன் முழுவதும் தரவேண்டும்."

இரண்டு பிரதி எடு, இரண்டிலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், தேதி மறக்காதே. பிரதிக் கணக்கை அவரே நிரப்பட்டும், அதைப் பார்த்துத் தொகை சொல். அவர் சொன்ன தொகை ஒரு வருஷத்துக்கு மோசமில்லை, எக்காலத்துக்கும் என்றால் அநியாயம். பேரம் பேச வெட்கப்படாதே.

ஒன்று விட்டுப்போயிற்று. அந்த முளைப்பாரி அம்மா யார், எந்தத் தெரு என்று விசாரித்து, படத்தை ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போ. வீட்டுக்கு வீடு தொங்கப்போகிற காலண்டரில் தன் முகம் வருவதில் அவருக்கு மனசு இருக்கிறதா என்று கேள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், சிவகாசிக்காரரிடம் சப்பரம் மட்டும் இருக்கிற வேறு பிரேமைக் கொடுத்துப் பார்க்கலாம். சரி என்றால் அதையும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு, வருகிற தொகையில் அவருக்கும் ஒரு பங்கு கொடுத்துவிடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்தில் ஒரு விசேஷம். முடிந்ததும் ராஜபாளையம் பஸ் ஏறி மத்தியானத்துக்குள் கடைக்கு வந்துவிடுவேன். ரசீது புத்தகத்தின் பின்பக்கத்துக்கு என்ன அச்சடிப்பது என்று உட்கார்ந்து எழுதிவிடலாம். அக்காவிடம் சாப்பாடு வேண்டாம், காப்பி போதும் என்று சொல்.

அன்புடன்,
மாமா